பக்கத்தில் நின்ற கலைஞர்: டி. எஸ். பாலையா

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரில் எனக்கு முன்னர் பேசியவர்கள் கவிஞர்களையும் நாவலாசிரியர்களையும் எடுத்துக்கொண்டு பேசினார்கள். நான் ஒரு நடிகரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இலக்கியத் தொடரிலே நடிகருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால், இந்த நடிகர் எஸ். எஸ். வாசனின் தொடர்கதையிலே வில்லனாக வந்தவர். அறிஞர் அண்ணாவின் நாடகக் கதையிலே நண்பனாக வந்தவர். பரஞ்சோதி முனிவர் பாடிய புராணத்திலே ஆணவம் மிகுந்த பாகவதராக வந்தவர். கொத்தமங்கலம் சுப்புவின் நாவலிலே தவில் வித்துவானாக வந்தவர். இந்தப் பாத்திரங்களை ஏட்டிலே படித்தவர்களை விட இவர் முகத்திலே படித்தவர்களே அதிகம். அந்த வகையில் இவருக்கும் இந்தத் தொடரில் ஓர் இடமுண்டு என்பது எனது தாழ்மையான அபிப்பிராயம். அவர்தான் டி. எஸ். பாலையா.

திருநெல்வேலி சுப்பிரமணியம் பாலையா என்பது அவரது முழுப் பெயர். 1914ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 23ஆம் திகதி, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துச் சுண்டங்கோட்டையில் பிறந்தார். 1972ஆம் ஆண்டு ஜூலை மாதம் 22ஆம் திகதி, ஐம்பத்தெட்டு வயது நிறையும் முன்பே காலமானார். முதற்படம் வெளிவந்தது 1936இல். ஆக, முப்பத்தாறு ஆண்டுகள் திரையிலே நின்றிருக்கிறார். அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் பசறைப் பக்கத்து லயங்களிலே தொலைக்காட்சியில் அவர் முகம் வந்தால் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெயரைக் கேட்டால் தெரியாது. முகம் தெரியும். இதை நான் பல வீடுகளில் அவதானித்திருக்கிறேன்.

பாலையா நாடகக் கம்பனியிலே வளர்ந்தவர். இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையைப் போலவும் அதற்குப் பின்வந்த பல கம்பனிகளைப் போலவும், அக்காலத்திலே சிறுவர்களையே கொண்டு நாடகம் நடத்திய சபைகள் தமிழ்நாடெங்கும் சுற்றின. வறிய வீட்டுப் பிள்ளைகள் வயிற்றுச் சோற்றுக்காக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். வைகறையில் எழுந்து குரற்பயிற்சி. பிறகு பாடம். வாத்தியாரின் பிரம்பு எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். ஒலிவாங்கி கிடையாது. கடைசி வரிசையிலே தரையில் அமர்ந்திருக்கும் மனிதனுக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். இன்றைக்கு ராஜபார்ட், நாளைக்குப் பெண் வேடம், மறுநாள் பபூன் என்று எதைத் தந்தாலும் ஏற்க வேண்டும். குரல் உடையும் வயது வந்ததும் பலர் வேடம் இழந்தார்கள். தாக்குப் பிடித்தவர்களே பின்னர் பேசும்படத்துக்கு வந்தார்கள். எம்.ஜி.ஆர்., என். எஸ். கிருஷ்ணன், எம். ஆர். ராதா, சிவாஜி கணேசன் என்று யாரை எடுத்தாலும் அந்தப் பட்டறையிலே அடிபட்டவர்கள்தாம்.

பாலையா திரைக்கு வந்த கதைக்கும் நமது மலைநாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அவரது முதற்படமான 'சதி லீலாவதி' 1936இல் வெளிவந்தது. எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையைத் தழுவியது அது. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கினார். தமிழே தெரியாத அவருக்கு அதுவே முதற்படம். எம்.ஜி.ஆருக்கும் அதுவே முதற்படம். சிறியதொரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வேடம். பாலையாவுக்கோ கதையின் பிரதான வில்லன் வேடம் கிடைத்தது. கதாநாயகனாக எம். கே. ராதா நடித்தார்.

கதை மதுவிலக்குக் கதை. வசதியான குடும்பத்து இளைஞன் ஒருவன் தீய நட்பினால் குடிக்கு அடிமையாகிறான். போதையிலே ஒரு கொலை செய்துவிட்டதாக நம்பிப் பயந்து ஓடுகிறான். எங்கே ஓடுகிறான்? இலங்கைக்கு. இங்கே ஒரு தேயிலைத் தோட்டத்திலே கூலியாளாக வேலை செய்கிறான். ஓடி ஒளிவதற்கும் கூலியாய்க் கரைந்துபோவதற்கும் உரிய இடமாகவே இலங்கைத் தேயிலைத் தோட்டம் அன்றைய தமிழ்நாட்டு மனதிலே பதிந்திருந்தது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். தமிழ்த் திரை நமது பாட்டன் பாட்டிமாரின் வாழ்க்கையைத் தொட்டுப் பார்த்த மிகப் பழைய படங்களில் இதுவும் ஒன்று. தோட்டத்து வாழ்க்கையை இலங்கையிலேயே படமாக்குவதற்கு நாம் 'தோட்டக்காரி'க்காக 1963 வரையிலும், வீ. பி. கணேசனின் 'புதிய காற்று'க்காக 1975 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னைய படத்தின் கதையை எழுதியவர் நமது பதுளை மாவட்டத்திலே பிறந்த தெளிவத்தை ஜோசப் என்பது நேயர்கள் அறிந்ததே.

'சதி லீலாவதி'யின் மூலக்கதை இங்கிலாந்திலிருந்து வந்தது. ஹென்றி வூட் சீமாட்டி 1860இல் எழுதிய 'டேன்ஸ்பரி ஹவுஸ்' என்ற மதுவிலக்கு நாவலே அது. கந்தசாமி முதலியார் தரப்பின் 'பதிபக்தி' நாடகத்துக்கும் இந்தப் படத்துக்கும் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று வழக்கு எழுந்தபோதுதான் இரண்டுக்கும் வேர் அந்த ஆங்கில நாவலிலே இருப்பது வெளிப்பட்டது. ஆங்கிலச் சீமாட்டி எழுதிய குடிகாரனின் கதை சென்னைக்கு வந்து, அங்கிருந்து ஆங்கிலத் துரைமார் ஆண்ட இலங்கைத் தோட்டத்துக்குக் கூலியாக வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தக் கதையிலே பாலையாவின் வேலை என்ன? கதாநாயகனின் பக்கத்திலே நின்று, நண்பனைப் போலப் பேசி, கிண்ணத்தை அவன் கையிலே கொடுப்பது. உருட்டி விழிக்கும் வில்லனாக இந்தப் பாத்திரம் இருந்தால் கதையே நம்பும்படி இராது. கெடுப்பவன் இனிமையானவனாக இருந்தால்தான் கெடுகிறவன் ஏமாறுவான். பக்கத்திலே நிற்கும் இனிமையான மனிதன் என்ற இந்த வேடம் இருபத்தொரு வயதிலேயே அவருக்கு வாய்த்துவிட்டது. பின்னர் வந்த அவரது பாத்திரங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், பக்கத்திலே நிற்பவன் என்ற நிலையே வெவ்வேறு வடிவங்களில் வளர்ந்து வந்திருப்பது புலப்படும்.

அடுத்த ஆண்டு, 1937இல், அதே டங்கனின் 'அம்பிகாபதி' வந்தது. எம். கே. தியாகராஜ பாகவதர் அம்பிகாபதி, பாலையா ருத்திரசேனன். டங்கன் ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்'டை மனதிலே வைத்துக்கொண்டு காதற் காட்சிகளை அமைத்தார். பாகவதரும் பாலையாவும் மோதும் வாட்போர் அந்தப் படத்திலே பிரசித்தம். பாகவதர் பாட்டுக்காகப் பூசிக்கப்பட்ட காலம் அது. அவர் எதிரிலே நின்று பார்வையாளர் வெறுக்கும்படி நடித்து, படத்தின் ஓட்டத்தைத் தாங்குவது இலகுவான காரியமல்ல.

கதாநாயகனாகும் வாய்ப்பும் பாலையாவுக்கு வராமலில்லை. 1948இல் வந்த 'மோகினி'யில் முதன்மை வேடம் பாலையாவுக்கு, எம்.ஜி.ஆர். உடன் நடித்தார். எட்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1956இல் வந்த 'மதுரை வீர'னில் எம்.ஜி.ஆர். வீரன். பொம்மியின் மேல் ஆசை வைத்து வீரனிடம் தோற்றுப்போகும் நரசப்பன் வேடம் பாலையாவுக்கு. ஒரே படத்திலே திரைவாழ்வைத் தொடங்கிய இருவரில், சிறிய வேடத்திலே வந்தவர் 1977இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். பெரிய வேடத்திலே வந்தவரோ இறுதிவரை பிறருக்குத் துணைநிற்கும் நடிகராகவே இருந்தார். இதை ஒரு சோகக் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தமது இடம் எது என்று பாலையாவுக்குத் தெரிந்திருந்ததாகவே அவரது பிற்காலப் படங்கள் எனக்குச் சொல்கின்றன.

1949இல் வந்த 'வேலைக்காரி'யை எடுத்துக்கொள்வோம். அண்ணாவின் கதை வசனம், ஏ. எஸ். ஏ. சாமியின் இயக்கம். வட்டிக்குக் கடன் கொடுத்துத் தன் தந்தையைத் தற்கொலைக்குத் தள்ளிய வேதாசல முதலியாரைப் பழிவாங்கக் கத்தியைத் தூக்குகிறான் ஆனந்தன். அந்தப் பாத்திரத்திலே கே. ஆர். ராமசாமி நடித்தார். அவனைத் தடுத்து, ஆயுதத்தை விட அறிவுதான் ஆழமாகப் பாயும் என்று புத்தி சொல்லும் நண்பன் மணியாக வருகிறவர் பாலையா. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் நண்பன் வேடமிட்டுக் கெடுத்தவர், இங்கே உண்மை நண்பனாகி வழிகாட்டுகிறார். அண்ணாவின் வசனம் மேடைப் பேச்சைப் போல வேகமாக ஓடுவது. ராமசாமி அதை முழக்கமாகச் சொல்ல, பாலையாவோ அதே வசனத்தைத் திண்ணையிலே உட்கார்ந்து பேசுவதைப் போலச் சொன்னார். அந்த வித்தியாசத்தினால்தான் மணி சொல்லும் யோசனை நமக்கும் யோசனையாகப் படுகிறது.

இடையிலே 1954இல் 'தூக்குத் தூக்கி'. அதிலே அரைகுறைத் தமிழ் பேசும் வடநாட்டுச் சேட்டாக வந்து சிரிக்கவும் வைத்தார், அருவருக்கவும் வைத்தார். வில்லத்தனத்துக்கும் நகைச்சுவைக்கும் நடுவிலே உள்ள வரம்பு மிக மெல்லியது என்பதை அவர் கண்டுகொண்ட படம் அதுவென்று நினைக்கிறேன். இரண்டிலும் மனிதன் தன்னை மிகப் பெரியவனாக எண்ணிக்கொள்கிறான். அவன் வெற்றி பெறும்வரை நமக்குப் பயம். தோற்றுவிட்டால் நமக்குச் சிரிப்பு.

இந்தக் கண்டுபிடிப்பு முழுமையாகப் பழுத்தது 1964இல், ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில். பாலையா அதிலே சின்னமலை எஸ்டேட்டின் உரிமையாளர் விஸ்வநாதன். பணத்தைத் தவிர வேறெதையும் மதியாதவர். தம்மிடம் வேலை பார்த்த இளைஞனைத் துரத்திவிடுகிறார். அதே இளைஞன் ஒரு கோடீஸ்வரரின் மகன் என்று நம்பவைக்கப்பட்டதும், அவரது முதுகு வளைவதையும் குரல் குழைவதையும் பாருங்கள். நிமிர்ந்த மனிதன் ஒரே மூச்சிலே கூனிப்போகிறான்.

இந்தப் படத்தை நமது தோட்டத்து மக்கள் பார்த்துச் சிரித்த சிரிப்பிலே தனியான ஒரு ருசி இருந்தது. நகரத்து ரசிகனுக்கு விஸ்வநாதன் ஒரு பணக்காரத் தகப்பன், அவ்வளவுதான். நமக்கோ அவர் ஒரு தோட்டத்து முதலாளி. பெரட்டுக்களத்திலே விடியற்காலையில் வரிசையாக நின்று, துரையும் கணக்கப்பிள்ளையும் சொல்வதைத் தலைகுனிந்து கேட்டுப் பழகிய சமூகம் இது. கேட்கும்போது முகத்திலே எதுவும் தெரியக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். கோபம் தெரிந்தால் பேர் வெட்டு. சிரிப்பு தெரிந்தாலும் பேர் வெட்டு. அப்படிப்பட்ட சனம், ஒரு தோட்ட முதலாளி தன்னிலும் பெரிய பணக்காரன் முன்னால் முகம் வெளிறிப் பல்லிளித்து நிற்பதைத் திரையிலே கண்டபோது, முகத்தை மறைக்காமல் வாய்விட்டுச் சிரித்தது. எங்கள் பகுதி முதியவர்கள் பலர் அந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது நாகேஷைச் சொல்வதற்கு முன்னர் 'அந்த முதலாளி' என்றே தொடங்குவார்கள்.

நாகேஷ் பெயர் வந்துவிட்டது. ஆகவே அந்தக் காட்சிக்கு வருகிறேன். சினிமா எடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பாவாக நாகேஷ், தாம் எடுக்கப்போகும் பேய்ப் படத்தின் கதையைத் தகப்பனுக்குச் சொல்கிறார். தமிழ் நகைச்சுவையின் சிகரங்களில் ஒன்றென்று எல்லோரும் சிலாகிக்கும் காட்சி. பேச்செல்லாம் நாகேஷுடையது. சத்தங்களும் சைகைகளும் நாகேஷுடையவை. பாலையாவுக்கு அங்கே வசனம் மிகக் குறைவு. அவர் செய்வதெல்லாம் கேட்பது ஒன்றுதான். முதலில் மகனின் உளறலைச் சகித்துக்கொண்டு கேட்கிறார். பிறகு கதையிலே சற்று அகப்பட்டுக் கேட்கிறார். பிறகு பயந்து கேட்கிறார். பயப்படுவதை மகனிடம் காட்டிக்கொள்ள விரும்பாமலும் கேட்கிறார். இந்த நான்கு படிகளும் அவர் முகத்திலே தெளிவாகத் தெரியும். நாகேஷை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். ஒரு வாலிபன் வெறுங்காற்றிலே கையை ஆட்டுவதாகத்தான் தோன்றும். அவர் சொல்லும் பேய் உண்மையாவது பாலையாவின் முகத்திலேதான்.

இலங்கை வானொலியிலே படங்களின் ஒலிச்சித்திரங்கள் ஒலிபரப்பான காலத்தை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தியேட்டருக்குப் போய்வர வசதியில்லாத தோட்டங்களிலே பல படங்களை நாங்கள் காதாலேயே பார்த்தோம். பாலையாவை ஒலியாக மட்டும் கேட்டாலும் அந்தக் கலை விளங்கும். மற்றவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவிலே ஒரு 'ம்', ஒரு சிறு மூச்சு, தொண்டையிலே அடைத்த ஒரு சத்தம். முகம் தெரியாமலே அந்த மனிதன் அங்கே இருப்பது தெரியும். கேட்பதைக்கூடக் கேட்கும்படி செய்தவர் அவர்.

இந்தக் கோணத்திலிருந்து 1965இல் வந்த 'திருவிளையாட'லைப் பார்ப்போம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்து விறகு விற்ற படலம் நாமறிந்த கதை. வடக்கேயிருந்து வந்த ஏமநாதன் என்னும் பாடகன் பாண்டியன் அவையிலே ஈடின்றிப் பாடி, இறுமாந்து இருக்கிறான். அவனை எதிர்த்துப் பாட வேண்டிய நிலையில் தவிக்கும் பாணபத்திரருக்காகச் சிவபெருமானே விறகு விற்பவராக வந்து, ஏமநாதனின் வீட்டுத் திண்ணையிலே இருந்து பாடுகிறார். ஏ. பி. நாகராஜன் இதைப் படமாக்கியபோது ஏமநாத பாகவதராகப் பாலையாவைப் போட்டார். சபையிலே அவர் பாடும் பாட்டுக்குக் குரல் கொடுத்தவர் பாலமுரளி கிருஷ்ணா. அந்த மகா வித்துவானின் குரலுக்கு ஏற்ப வாயசைப்பதே பெரிய சோதனை. பாலையா அந்த இசையின் மிடுக்கை உடம்பிலே ஏற்றிக்கொண்டார். சங்கதிக்குச் சங்கதி அவரது கையும் கழுத்தும் இது போதுமா, இன்னும் வேண்டுமா என்று சபையைக் கேட்கும்.

ஆனாலும் பாத்திரத்தின் உச்சம் அவர் பாடும் இடத்திலே இல்லை. இரவிலே விறகுகாரரின் பாட்டைக் கேட்கும் இடத்திலே இருக்கிறது. முதலில் வெறும் சத்தம் என்று எரிச்சல். பிறகு வியப்பு. பிறகு இசையை உண்மையாகவே அறிந்த ஒருவனுக்கு மட்டும் வரக்கூடிய நடுக்கம். இசை தெரியாதவன் அந்தப் பாட்டைக் கேட்டு மகிழ்ந்திருப்பான். ஏமநாதன் வித்துவான், அதனாலேயே அவனுக்குத் தன் அளவு தெரிந்துவிடுகிறது. இதுவோ பாணபத்திரர் வேண்டாமென்று தள்ளிய சீடனின் பாட்டு என்று கேள்விப்பட்டதும், இரவோடிரவாக ஊரைவிட்டுப் போகிறான். இப்படிக் கேட்டுத் தோற்கத் தெரிந்த ஒருவனை நாம் எப்படி வெறுக்க முடியும்? புராணம் அவனை ஆணவம் அடங்கியவனாக விட்டுவிடுகிறது. பாலையா அவனுக்குச் சிறிது மரியாதையும் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

1967இல் கே. பாலசந்தரின் 'பாமா விஜயம்' வந்தது. நடிகை ஒருத்தி பக்கத்து வீட்டுக்கு வந்ததும், பகட்டுக்காகக் கடனிலே மூழ்கும் மூன்று மருமக்களையும் மூன்று மகன்மாரையும் வைத்துக்கொண்டு திணறும் தகப்பன் வேடம். அதே ஆண்டு 'ஊட்டி வரை உறவு'. அடுத்த ஆண்டு, 1968இல், 'தில்லானா மோகனாம்பாள்'.

கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய அந்தத் தொடரைப் படித்தவர்களுக்கு முத்துராக்கு தவில்காரரை நன்கு தெரியும். படத்திலே நாதசுர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரம், சிவாஜி கணேசன். பக்கத்திலே தவில், பாலையா. அவருடைய வாழ்நாள் முழுவதும் தேடிவந்த வேடம் இதுவென்றே எனக்குத் தோன்றுகிறது. தவில்காரர் நாதசுரத்துக்கு முன்னே ஓடக்கூடாது, பின்தங்கவும் கூடாது. நாதசுரக்காரர் எங்கே மூச்செடுப்பார், எங்கே நிறுத்துவார் என்பதைக் கண்ணாலும் காதாலும் பிடித்து வைத்திருக்க வேண்டும். சண்முகசுந்தரமோ பொசுக்கென்று கோபிக்கிற மனிதர். மேளம் வாசிக்காத நேரத்திலும் முத்துராக்கு அவருக்குப் பக்கவாத்தியம்தான். அவர் கோபத்தை ஏந்திக்கொள்வார், திசை திருப்புவார், சில இடங்களில் மூத்தவராக நின்று அதட்டுவார். சிவாஜியின் நடிப்பு மேலே மேலே பொங்கும் இடங்களிலே, பாலையா அமைதியாக நிற்பதனால்தான் அது வழிந்துபோகாமல் நிற்கிறது.

மேல்நாட்டிலே இத்தகைய நடிகர்களுக்குத் தனி மதிப்பு உண்டு. இங்கிலாந்துக்காரரான சார்ள்ஸ் லாட்டன் மேடையிலிருந்து திரைக்கு வந்தவர். பருத்த உடம்பு, அழகில்லாத முகம் என்று அவரே தம்மைச் சொல்லிக்கொள்வார். எட்டாம் ஹென்றி மன்னனாக நடித்த 1933ஆம் ஆண்டுப் படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் பரிசு பெற்றார். அவரைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. அவர் எந்த மேடையில் எந்த வேடம் போட்டார் என்பதை இன்றும் தேடிப் படிக்கலாம். நம்மவர்கள் குணசித்திர நடிகர் என்று அழகான ஒரு பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததோடு சரி. பாலையாவின் படங்கள் கிடைக்கின்றன. ஆனால், அவரை உருவாக்கிய நாடகக் கம்பனி ஆண்டுகளோ பெரும்பாலும் காற்றோடு போய்விட்டன. அவருடைய மகன், 'கரகாட்டக்காரன்' முதலிய படங்களில் நடித்த ஜூனியர் பாலையாவும் 2023இல் காலமாகிவிட்டார்.

இனி நம் மேடைக்கு வருகிறேன். பாடசாலை நாடகங்களிலே பல ஆண்டுகள் மாணவர்களோடு நின்ற அனுபவம் எனக்குண்டு. பேசச் சொன்னால் நமது பிள்ளைகள் சிங்கம் போலப் பேசுவார்கள். பேசி முடித்ததும் அவர்களது முகம் அணைந்துவிடும். அடுத்தவன் பேசும்போது தன் முறைக்காகக் காத்திருப்பார்களே தவிர, கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் கதாநாயகன் வேடமே வேண்டும். கிடைக்காதவன் ஒத்திகைக்கே வரமாட்டான். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நான் விரிவுரை ஒன்றும் செய்வதில்லை. பாலையாவும் நாகேஷும் வரும் அந்தக் காட்சியை ஒரு முறை போட்டுக் காட்டுவேன். பிறகு மறுமுறை போட்டு, பாலையாவை மட்டும் பார்க்கச் சொல்வேன். அதற்குப் பின்னர் 'இரண்டாம் காவலாளி' வேடத்துக்கும் ஆள் கிடைத்துவிடும்.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. மாசி மாதத்திலே தோட்டந்தோறும் நடக்கும் காமன் கூத்தை எண்ணிப் பாருங்கள். ரதியும் மன்மதனும் தர்க்கம் பாடும்போது, ஒருவர் பாட மற்றவர் கேட்டு நிற்க வேண்டும். ஆணே ரதி வேடம் கட்டி, விடிய விடியக் கேட்டும் அழுதும் நின்றிருக்கிறார். தப்பு அடிப்பவர் ஆடுகிறவரின் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். தூதன், எமன், வீரபத்திரன் என்று சிறிது நேரமே வந்துபோகும் வேடங்களைத் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தார் கட்டிவந்த தோட்டங்கள் உண்டு. கோணக்கலையிலும் நமுனுகுலைப் பக்கத்திலும் அப்படிப்பட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். பகலிலே கவ்வாத்து வெட்டிய கை இரவிலே எமனின் பாசக்கயிற்றைப் பிடித்தது. அவர்களில் பலர் இன்று இல்லை. கூத்து மாஸ்டரின் பெயராவது சில இடங்களிலே நினைவிருக்கிறது. பக்கத்திலே நின்றவர்களின் பெயர் போய்விட்டது.

தேயிலையைக் கொடுத்த கைகளின் பெயரை உலகம் கேட்கவில்லை என்று நாம் மேடைகளிலே முறையிடுகிறோம். அந்த முறைப்பாடு நியாயமானது. அதே வேளை, நம்முடைய கூத்துக்குத் துணைநின்றவர்களின் பெயரை நாமே எழுதி வைக்கவில்லை என்றால், அந்தக் குறைக்கு வேறு யாரையும் காரணம் சொல்ல முடியாது. பாலையாவின் மேடை ஆண்டுகள் தொலைந்தது போல இவையும் தொலைந்துபோகும். பாலையாவுக்காவது திரை இருந்தது. இவர்களுக்கு நமது ஞாபகம் ஒன்றுதான்.

ஆகவே இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பி போதும். உங்கள் தோட்டத்திலே, உங்கள் டிவிசனிலே, காமன் கூத்திலும் பொன்னர் சங்கரிலும் அருச்சுனன் தபசிலும் யார் யார் எந்த வேடம் கட்டினார்கள், யார் தப்படித்தார்கள், யார் பின்பாட்டுப் பாடினார்கள், எந்த ஆண்டு என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். ராஜபார்ட்டை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். தூதனாக வந்தவர் யார் என்றும் கேளுங்கள். அவர்கள் சொல்லும்போது, பாலையாவைப் போல, முழு முகத்தோடு கேளுங்கள்.